ரயில் இல்லாத தீவில் தண்டவாளம்

இந்த வருடம் நம் தீவுப் பள்ளிகளில் டிராயிங் டீச்சராகச் சேர்ந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். வாழ்த்துச் சொல்லி, கலையின் மேன்மை பற்றி நாலு பாரா எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். அதை எழுத உங்களுக்கு வேறு ஆட்கள் நிறையக் கிடைப்பார்கள். நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன். ஒரு தப்பு என்று ஆரம்பித்தேன், எழுதி முடித்தபோது மூன்றாகிவிட்டது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பள்ளியில் நீங்கள் தனி ஆள். கணக்குக்கு மூன்று நான்கு பேர் இருப்பார்கள், ஒரே கணக்குக்காக ஸ்டாஃப் ரூமில் சண்டை போடுவார்கள். இங்கிலீஷுக்கு இரண்டு பேர், ஒருவர் எழுதியதில் இன்னொருவர் பிழை பிடிப்பார். டிராயிங்குக்கு ஒருத்தர்தான். நீங்கள் போர்டில் என்ன போட்டாலும் கேட்க நாதி இல்லை. யாராவது லீவு போட்டால் உங்கள் பீரியடைத் தூக்கிக் கொடுப்பார்கள், அவ்வளவுதான் உங்களைப் பற்றிய நினைப்பு. இருபத்தாறு வருடம் நான் அப்படித்தான் இருந்தேன். இருபத்தாறு வருடமும் ஒரே பாடத்தை ஒரே மாதிரி நடத்தினேன், ஸ்டாஃப் ரூமில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தச் சௌகரியம்தான் என்னைக் கெடுத்தது.

ஏழாம் வகுப்பில் பெர்ஸ்பெக்டிவ் பாடம் வரும். தூரத்தில் இருப்பது சின்னதாகத் தெரியும், இணையான கோடுகள் தொலைவில் ஒரு புள்ளியில் போய்ச் சேருவதுபோல் தெரியும் என்று சொல்லித்தர வேண்டும். புத்தகத்தில் அதற்கு ரயில் தண்டவாளம் போட்டிருந்தது. இரண்டு கோடு மேலே போய் ஒரு புள்ளியில் சேரும், நடுவில் கட்டைகள், பக்கத்தில் தந்திக் கம்பங்கள். நானும் அதையே போர்டில் போடுவேன். எனக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நான் போர்ட் பிளேரில் பிறந்தவள்தான், ஆனால் அப்பாவுக்கு ஊர் ராமநாதபுரம் பக்கம். லீவு விட்டால் கப்பலில் மெட்ராஸ், எழும்பூரில் ரயில் என்று வளர்ந்தேன். மெயின்லேண்டில் கால் வைக்காத பிள்ளைக்குத் தண்டவாளம் என்றால் என்ன என்று ஒரு நாளாவது யோசித்தேனா என்றால், இல்லை.

அப்போது எனக்குப் பெரார்கஞ்சைத் தாண்டி ஒரு பள்ளியில் வேலை. அங்கே ஒரு பெண் படித்தாள். அவள் அப்பா சிலோன் மலைத்தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். நிக்கோபார் பக்கம் கச்சால் தீவில் ரப்பர் வெட்டிக்கொண்டிருந்துவிட்டு, பிறகு இந்தப் பக்கம் பாக்குத் தோட்ட வேலைக்கு வந்தவர். அந்தப் பெண்ணுக்குக் கை நன்றாக வரும். எல்லாத் தீவுப் பள்ளிகளுக்கும் சேர்த்துப் போர்ட் பிளேரில் வருடா வருடம் ஓவியப் போட்டி நடக்கும், பள்ளிக்கு ஒருத்தர் போகலாம். இந்த வருடம் நீதான் போகிறாய் என்று அவளிடம் சொல்லியிருந்தேன்.

போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தண்டவாளப் பாடம் வந்தது. எல்லோரும் போர்டைப் பார்த்து அப்படியே போட்டுக்கொண்டு வந்தார்கள். அவள் மட்டும் இரண்டு கோட்டையும் சேர்க்காமல் தாளின் உச்சி வரைக்கும் நேராகக் கொண்டுபோயிருந்தாள். பார்த்த பிள்ளைகள் ஏணி என்றார்கள்.

"போர்டப் பாத்தா தெரியலயா? கோட்ட ஏன் சேக்கல?" என்றேன்.

"சேந்துட்டா வண்டி எப்புடிங்க டீச்சர் போகும்? கவுந்துராதா?" என்றாள். அவள் என்னை எதிர்த்துப் பேசவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

எத்தனையோ வருடத்தில் என் பாடத்தின் மேல் வந்த முதல் கேள்வி அது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குச் சுருக்கென்று வந்தது. "ரயிலையே கண்ணால பாக்காத கழுதை, எனக்குப் பாடம் நடத்துறியா?" என்றேன். வகுப்பு சிரித்தது. அந்த வகுப்பில் முப்பது பிள்ளைகள், ஒருத்தராவது ரயிலைப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் கேலி பண்ணுகிறேன் என்பதற்காகச் சிரித்தார்கள். தாளில் குறுக்கே சிவப்புக் கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். போட்டிக்கு வேறு பிள்ளையை அனுப்பினேன். அடிப்படையே தெரியாதவளை அனுப்பிப் பள்ளிக்குக் கெட்ட பெயர் வாங்கவா என்று ஹெட்மாஸ்டரிடம் காரணமும் சொன்னேன். அதற்குப் பிறகு அந்தப் பெண் டிராயிங் பீரியடில் போர்டில் உள்ளதை மட்டும் போட்டாள். மறு வருடம் எனக்கு போர்ட் பிளேருக்கு மாற்றல் வந்துவிட்டது.

பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று பள்ளி ஆசிரியர்களுக்காக ஒரு குறும்படிப்பு நடத்துவதாகச் சர்க்குலர் வந்தது. இத்தாலியில், புளோரன்ஸ் நகரத்தில், மறுமலர்ச்சிக் கால ஓவியங்களைப் பற்றி இரண்டு வாரம். போக வரச் செலவு அவர்களுடையது. நோட்டீஸ் போர்டில் அது மஞ்சளாகிற வரைக்கும் தொங்கியது, யாரும் கேட்கவில்லை. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது, மகன் புனேயில் இருந்தான். மரைன் ஹில் வீட்டில் உட்கார்ந்து ஹார்பரில் வருகிற போகிற கப்பலை எண்ணுவதற்கு இதையாவது செய்வோம் என்று எழுதிப் போட்டேன். கிடைத்துவிட்டது.

அந்த ஓவியங்களை நான் பாடமாக நடத்தியவள். நோட்ஸ் சொல்லி எழுதவைத்து, கேள்வி எடுத்து, மார்க் போட்டவள். எங்கள் புத்தகத்தில் உள்ளங்கை அளவுக்கு இருந்த படம் அங்கே ஒரு மாதா கோயிலின் முழுச் சுவராக நின்றது. பழைய சுவர், அதன் மேல் தூணும் வளைவுமாக ஓர் அறையை வரைந்திருந்தார்கள். தரையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்றால் சுவர் திறந்துகொண்டு அந்த அறை உள்ளே போகும். இரண்டடி தள்ளி நின்றால் வெறும் சுவர். ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் அந்த இடத்தில் நிற்க முடியும். ஒருத்தர் நின்று பார்த்துவிட்டு, இங்கே வந்து பார் என்று தன்னோடு வந்தவரைக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்துவார். என் முறை வந்தபோது நானும் நின்றேன், அறை திறந்தது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன், இழுத்து நிறுத்த எனக்கு ஆள் இல்லை.

படிப்புக்கு வந்தவர்கள் பதினான்கு பேர். கெட்டவர்கள் இல்லை. ஆனால் இரண்டு மூன்று பேராக ஒரே நாட்டிலிருந்து வந்திருந்தார்கள், வகுப்பு முடிந்ததும் தங்கள் பாஷைக்குள் போய்விடுவார்கள். சாப்பாட்டு அறையில் நான் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து அந்த ஊர் உப்பில்லாத ரொட்டிக்கு எலுமிச்சை ஊறுகாய் தொட்டுச் சாப்பிடுவேன். ஒரு நாள் ஊறுகாய் பாட்டிலிடம் "போதும்டி, இன்னும் எட்டு நாள் வரணும்" என்று சத்தமாகச் சொன்னேன். ஆறு நாளில் நான் பேசிய முதல் தமிழ் அதுதான்.

எங்களுக்குப் பாடம் எடுத்தது வயதான ஓர் அம்மாள். முகத்தில் சிரிப்பே வராது. கடைசிக்கு மூன்று நாள் முன்னால் ஒவ்வொருவரும் அந்தச் சுவரின் முன் நின்று, உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்லித்தருவீர்களோ அப்படிப் பத்து நிமிடம் எங்களுக்குச் சொல்லித்தாருங்கள் என்றார். அதை வைத்துத்தான் சான்றிதழ். என் முறை வந்தது. எனக்கென்ன கவலை, இருபத்தாறு வருடம் நடத்திய பாடம். "ஒரு ரயில் தண்டவாளத்தை நினைத்துக்கொள்ளுங்கள்" என்று ஆரம்பித்தேன்.

அந்த அம்மாள் கையைத் தூக்கினார். நாங்கள் பேசியது அரைகுறை ஆங்கிலம், இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"உங்கள் தீவில் ரயில் எங்கிருந்து எங்கே போகிறது?"

"எங்கள் தீவில் ரயில் இல்லை, மேடம்."

"ஒன்று கூடவா?"

"ஒன்று கூட இல்லை."

"அப்படியானால் இந்தப் பாடம் யாருக்கு?"

பின்னால் யாரோ மெல்லச் சிரித்தார்கள். மனதில் எதுவும் வைத்துச் சிரித்த சிரிப்பு இல்லை. ஆனால் எனக்குக் காது சுட்டது. பெரார்கஞ்ச் வகுப்பறை அப்படியே வந்து நின்றது. பன்னிரண்டு வருடத்தில் அந்தப் பெண்ணை ஒரு தடவை கூட நினைத்ததில்லை, அன்று அவள் முகம் அச்சாகத் தெரிந்தது. வாய் தானாகச் சொல்லிற்று, "என் வகுப்பில் ஒரு பெண் இதையே கேட்டாள், மேடம். கோடுகள் சேர்ந்தால் ரயில் எப்படிப் போகும் என்று."

அந்த அம்மாள் முதல் தடவையாக முன்னால் சாய்ந்தார். "நல்ல பெண். நீங்கள் என்ன செய்தீர்கள்?"

உண்மையைச் சொல்ல இரண்டு வார்த்தை போதும். கழுதை என்றேன். பதின்மூன்று பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அவளைப் பாக்குத் தோட்டத்துக்கு அழைத்துப் போனேன்" என்றேன்.

ஒரு பொய்க்கு வாய் திறந்தால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடுகிறது. வரிசையாக நட்ட மரங்களுக்கு நடுவில் அவளை நிறுத்தினேன் என்றேன். கையை நீட்டிப் பென்சிலைப் பிடித்து முதல் மரத்தையும் கடைசி மரத்தையும் அளக்கச் சொன்னேன் என்றேன். வரிசைகள் சேர்வதுபோல் தெரிகிற இடத்துக்கு நடந்து போகச் சொன்னேன், போய்ப் பார்த்தால் அங்கேயும் மரங்கள் தள்ளித் தள்ளியே நின்றன, அவளுக்கே புரிந்துவிட்டது என்றேன். என் வாழ்நாளில் நான் யோசித்த நல்ல பாடம் அது ஒன்றுதான். நடத்தாத பாடம்.

கைதட்டினார்கள். அந்த அம்மாள் அதைப் படிப்பின் கையேட்டில் போட எழுதி வாங்கிக்கொண்டார், சான்றிதழில் சிறப்பாக ஒரு வரி சேர்த்தார். மதியம் சாப்பாட்டு அறைக்குப் போனால் ஒரு மேசையில் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டு வைத்திருந்தார்கள். அந்தப் பெண்ணைப் பற்றி இன்னும் சொல்லு, இப்போது என்ன செய்கிறாள் என்று கேட்டார்கள். பத்து நாளில் முதல் தடவையாக மனிதர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். சான்றிதழுக்காக அந்தப் பொய்யைச் சொன்னேன் என்று நீங்கள் நினைத்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. எனக்கென்னவோ அந்த நாற்காலிக்காகத்தான் சொன்னேன் என்று தோன்றுகிறது.

ஊர் திரும்பினேன். எனக்கு முன்னாலேயே கையேடு மெயிலில் வந்து சேர்ந்திருந்தது. எங்கள் பிரின்சிபால் ஒரு பெங்காலிக்காரர், நல்ல மனிதர். "க்யா பாத் ஹை மேடம், நம்ம ஸ்கூல் பேரு இட்டலியில போட்டிருக்கான்" என்று கூரைக்குக் கேட்கச் சந்தோஷப்பட்டார். மேலே எழுதிப் போட்டு, எல்லா டிராயிங் டீச்சர்களுக்கும் எங்கள் பள்ளியில் ஒரு நாள் பயிற்சி ஏற்பாடு பண்ணிவிட்டார். நான் பேச வேண்டும். "அந்தப் பொண்ணயும் கூப்பிடுங்க மேடம். அவ வாயால சொல்லட்டும், எல்லாருக்கும் ஜோஷ் வரும்" என்றார்.

அவள் மெயின்லேண்டுக்குப் போய்விட்டாள் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். இந்த ஊரில் அது நடக்குமா? இங்கே ஒரு பொய் சொன்னால் அடுத்த பஸ்ஸில் எதிர் சீட்டில் வந்து உட்காரும். பெரார்கஞ்ச் பள்ளியில் இன்னும் வேலையில் இருந்த ஒரு டீச்சர், "அவ எங்க போனா? நம்ம டெய்ரி ஃபார்ம் ஏரியாவுல மெடிக்கல் ஷாப்புல நிக்கிறாளே, பாத்ததில்லையா?" என்றார்.

போனேன். கவுண்டருக்குப் பின்னால் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வாங்க டீச்சர், சுகர் மாத்திரையா?" என்றாள். மாதா மாதம் நான் மாத்திரை வாங்கும் கடைதான், எடுத்துக் கொடுப்பது அவள் என்று கவனித்ததே இல்லை. நடுநடுவே வந்தவர்களுக்கு அவள் மருந்து எடுத்துக் கொடுக்க, நான் விட்டு விட்டுச் சொல்லி முடித்தேன். இத்தாலியில் சொன்னதை, கையேட்டில் வந்ததை, பயிற்சி நாளை. மன்னிப்பு என்ற சொல் வாய் வரைக்கும் வந்தது, ஒரு ஆள் இருமல் மருந்து கேட்டார், திரும்ப உள்ளே போய்விட்டது.

அவள் இருமல் மருந்துக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்தாள். பிறகு, "நீங்க என்னயத் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனீங்கன்னு நான் வந்து சொல்லணும். அவ்வளவுதானுங்களே டீச்சர்? வர்றேன்" என்றாள். நான் கேட்கவே இல்லை, அவளாகச் சொன்னாள். எனக்கு உயிர் வந்தது. வீட்டுக்குப் போய் மீன் குழம்பு வைத்து வயிறாரச் சாப்பிட்டேன் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

பயிற்சி நாளில் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். நல்ல சுடிதார், தலை நிறையப் பூ. முன் வரிசையில் உட்காரவைத்தார்கள். பிரின்சிபால் பேசிக்கொண்டிருந்தபோது அவள் உதடு மெல்ல அசைவதைப் பார்த்தேன். சொல்ல வேண்டியதை மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு போர்டைப் பார்த்துப் போடாதவளை, இன்று என் பொய்யைப் பார்த்துப் போடவைத்திருக்கிறேன். மைக் என் கைக்கு வந்தது. தோட்டத்துக்கு யாரையும் அழைத்துப் போகவில்லை என்று சொன்னேன். இதோ முன்னால் உட்கார்ந்திருக்கும் இந்தப் பெண்ணை, ரயிலையே பார்க்காத கழுதை என்று சொன்னேன், வகுப்பைச் சிரிக்கவைத்தேன், போட்டிக்கு அனுப்பாமல் நிறுத்தினேன், வெளிநாட்டில் போய்ப் பொய் சொல்லிப் பெயர் வாங்கினேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். பிறகு இரண்டு மூன்று பேர் எழுந்து கைதட்டினார்கள். எனக்குத் தோளிலிருந்து மூட்டை இறங்கியதுபோல இருந்தது. அவளும் சந்தோஷப்படுவாள் என்றுதான் நினைத்தேன்.

டீ இடைவேளையில் வராந்தாவில் அவளைத் தேடினேன். அதற்குள் நாலு டீச்சர்கள் அவளைச் சூழ்ந்திருந்தார்கள். ஒருத்தர், "அரே, அந்த ரயில் பொண்ணு நீதானா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். இன்னொருத்தர் செல்ஃபி எடுக்கலாமா என்றார். அவள் டீயை அப்படியே வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"ஏன் டீச்சர் சொன்னீங்க?"

"உண்மைதானேம்மா. உனக்குச் செஞ்சது தப்பு. எல்லார் முன்னாலயும் ஒத்துக்கணும்னு தோணுச்சு."

"அன்னிக்கு முப்பது பேரு சிரிச்சாங்க. அவங்கள்லயும் பாதிப் பேரு மறந்திருப்பாங்க. இன்னிக்கு நாப்பது பேருக்குத் தெரிஞ்சு போச்சு. இதுல பாதிப் பேரு எங்க கடைக்கு வர்றவங்க." அவள் குரல் உயரவே இல்லை. "அங்க பொய் சொல்றப்பவும் என்னயக் கேக்கல. இங்க உண்மையச் சொல்றப்பவும் கேக்கல. நான் பொய் சொல்றேன்னு வந்ததே இது வெளிய வரக்கூடாதுன்னுதான் டீச்சர்."

போய்விட்டாள். கேட் வரைக்கும் பின்னால் போனேன், ஆட்டோவில் ஏறும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்காக வருகிறாள் என்று நினைத்தேன் பாருங்கள். என்னோடு பொய் சொல்ல அவளுக்குக் காரணம் இருந்தது, அதை ஒரு நிமிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அன்று மதியச் சாப்பாட்டில் என்னோடு உட்கார யாரும் வரவில்லை. அதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

ரிடையர் ஆகி இரண்டு வருடமாகிறது. டெய்ரி ஃபார்ம் பக்கம் போவதையே விட்டிருந்தேன், மாத்திரையை வேறு கடையில் வாங்கினேன். உங்களுக்காக எழுதச் சொன்னபோது வேறு எதையும் எழுத வரவில்லை, இதுதான் வந்தது. எழுதி முடித்து, தாளை எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். இந்தத் தடவை கேட்டுவிடுவது என்று போனேன். வேண்டாம் என்றால் கிழித்துப் போட்டுவிட்டு, கலையின் மேன்மை பற்றி நாலு பாரா எழுதிக் கொடுத்துவிடுவேன் என்று சொன்னேன். மத்தியானம், கடையில் ஆள் இல்லை. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து முழுக்கப் படித்தாள். நான் ஒரு வாடிக்கையாளரைப் போல வெளியே நின்றேன்.

"பேரு வேண்டாம் டீச்சர்" என்றாள். நான் போட்டிருந்தேன், எல்லா இடத்திலும் அடித்தேன்.

"கடையப் பத்தியும் இருக்கவேணாம்னு சொல்லலாம். பரவாயில்ல, நான் அடுத்த மாசம் வேற இடத்துக்குப் போறேன்." தாளை மடித்துக் கொடுத்துவிட்டு, அலமாரியில் சரிந்திருந்த டப்பாக்களை நேராக அடுக்கினாள்.

"ஒண்ணு விட்டுப்போச்சு. உங்களுக்குத் தெரியாது. போட்டிக்குப் போர்ட் பிளேர் போறேன்னு எங்கப்பா எனக்குச் செருப்பு வாங்கிட்டு வந்துட்டாரு, பக்கிள் வச்சது. நான் போகலன்னு வீட்ல சொல்லல. அன்னிக்குக் காலையில அந்தச் செருப்பப் போட்டுக்கிட்டு அவரு கூடவே பஸ் ஸ்டாப் வரைக்கும் போனேன். பஸ் ஏத்திவிட்டாரு. அடுத்த ஸ்டாப்புல இறங்கி, சாயங்காலம் வரைக்கும் அங்கனயே உக்காந்திருந்துட்டு, வீட்டுக்குப் போயி நல்லா வரஞ்சேன்பான்னு சொன்னேன்."

மடித்த தாளைத் திரும்பப் பிரித்தேன்.

"அதையும் எழுதிருங்க டீச்சர்" என்றாள். "எங்கப்பாவுக்கு இன்னும் தெரியாது. அவருக்குப் படிக்கத் தெரியாது, அதனால பரவாயில்ல."

எழுதிவிட்டேன்.